வலது குச்சி

மாடிப்படியில் பாதி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே, தன் வீட்டுக்குள்ளிருந்து டிரம் சத்தம் கேட்டது. அதுவும் ஒற்றைக் கை அடிக்கிற சத்தம் இல்லை. இரண்டு கையும் மாறி மாறி விழுகிற சத்தம்.

மதுமிதா காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் இல்லாத வீட்டில் வலது குச்சியைப் பிடித்திருப்பது யார்?

அந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அன்புச்செல்விதான். மதுமிதாவின் கணவர் மகாவீரின் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன மனுஷன், பிசையச் சொல்லிக் கொடுத்த பந்தையெல்லாம் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். "டிவியில ஆடற டிரம் கேம் ஒண்ணு வாங்கிப் போடுங்க மேடம். அடிக்கிற ஆசையில கை தானா அசையும்" என்றாள் அவள்.

திரையில் உருண்டுவரும் நீல வட்டத்துக்கு இடது குச்சியால் அடிக்க வேண்டும், சிவப்புக்கு வலது. மகாவீரின் வலது கை மடியை விட்டு எழும்பவே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் மதுமிதா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குச்சியைத் தான் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நீலம் கணவனுக்கு, சிவப்பு மனைவிக்கு. சாயங்காலமானால் இருவரும் தோள் உரச உட்கார்ந்து, ஒரே ஆளின் இரண்டு கைகளைப் போல அடிப்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் வேலூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஓடிவந்தவள் அவள். அங்கே பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்தாள். குளிப்பாட்டி, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் சமைத்து ஊட்டிவிட்டு என்று அவள் படும் பாட்டை வேங்கிக்கால் தெருவே மெச்சியது. "இன்னும் எத்தனை மாசம்டி?" என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்த அம்மாகூட இப்போது கேட்பதை விட்டுவிட்டாள்.

இன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று லேபை மதியமே பூட்டிவிட்டார்கள். அவள் இந்நேரம் வருவாள் என்று வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

ஏறிய படிகளில் இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரம்மா திரௌபதி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மேல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"நான் உள்ள வேலையா இருந்தேன், கவனிக்கலியே. ஏன், டிரம் சத்தமா? அது தினம் கேக்குமே. நீ வேலைக்குக் கெளம்பிப் போன கையோட ஆரம்பிச்சிடும்."

"தினமுமா?"

"ஆமா. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

மதுமிதாவின் கண்முன் அன்புச்செல்வியின் சிரித்த முகம் வந்து போனது. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொன்னவள்! செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் மேலே ஏறினாள். சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினாள்.

அன்புச்செல்வி இல்லை. வேறு யாருமே இல்லை.

மகாவீர் மட்டும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வலது கை தோளுக்கு மேல் எழும்பி எழும்பி இறங்கியது. ஒரு சிவப்பு வட்டம்கூடத் தப்பவில்லை.

வேறொருத்தி உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது அவளுக்கு.

காற்றில் கதவு அடித்துக்கொண்டது. மகாவீர் திரும்பிப் பார்த்தார். மறுகணம் கை குச்சியை நழுவவிட்டது, விரல்கள் சுருண்டன, கை மடியில் போய்த் துவண்டு விழுந்தது. எத்தனை பழக்கமாக விழுந்தது! அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போதுங்க. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளா?"

"மது..."

"எத்தனை நாளான்னு கேக்கறேன்!"

"தீபத்துக்கு முன்னாடியே."

தீபம் முடிந்து பொங்கலும் போய்விட்டது. காலையில்கூட இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"நேத்து டம்ளரைக் கீழ போட்டீங்களே, அது?"

அவர் இடது கையால் குச்சியைப் பாயோரம் ஒதுக்கினார்.

"நான் தொடைக்கத் தொடைக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. திருமலை ஜெயின் கோயிலுக்குப் போயி நேமிநாதர் முன்னாடி நின்னு, இந்தக் கை வரணும்னு அழுதேன். அப்பவும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. உங்களால எப்படிங்க முடிஞ்சுது?"

கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. டிவியில் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அடிக்காத வட்டங்கள் சிவப்பும் நீலமுமாக உருண்டு வந்து மறைந்தன.

"கூட இருந்தே ஏமாத்திட்டீங்களே. கை வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? நானா சந்தோஷப்படாமப் போயிடுவேன்?"

மகாவீர் நிமிர்ந்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்பது போல அந்த வலது கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கை நல்லானதும் டைவர்ஸ் வாங்கிக்கலாம்னு நீதானே மது சொல்லியிருந்தே?"