மூன்று லட்சம் பேரின் அரசன்

“அந்த மகனுக்கு வெக்கம் எண்டு ஒண்டு இல்லையோ?”

சேயோன் போட்ட சத்தத்தில், கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவி தேனுஜா அவனுடைய சால்வையைச் சரிசெய்தாள்.

அவன் திட்டியது அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு லாவோஸ் நாட்டு அரசனை. பல்கலைக்கழகத்தில் அவனுடைய ஆய்வே அந்த அரசர்களின் பட்டங்களும் வாரிசுகளும்தான்.

அந்த அரசனின் தகப்பன், ஃபா ங்கும் என்பவன், நாட்டையே உண்டாக்கியவன். அமைச்சர்கள் கூடி அவனைத் துரத்தினார்கள். மகனை அரியணையில் இருத்தினார்கள். பிறகு ஆண்களையெல்லாம் எண்ணி, மகனுக்குச் ‘சாம்சென்தாய்’ என்று பட்டம் சூட்டினார்கள். மூன்று லட்சம் பேரின் அரசனாம்!

அந்த மூன்று லட்சத்தில் ஒருவனுக்காவது, “கிழவன் எங்கே?” என்று கேட்க வாய் இருந்ததா?

ஜெர்மனியின் இந்த எசன் நகரத்திலும் அதே கதைதான். பழைய அச்சுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து இந்தக் கோயிலைத் தொடங்கியவர் சேயோனின் அப்பா யோகலிங்கம். போன குளிர்காலத்தில், தெருவில் கிடந்தவர்களை அன்னதான மண்டபத்தில் படுக்கவிட்டார். எந்த நாடு, எந்தச் சமயம் என்று கேட்கவில்லை.

நிர்வாக சபை கொதித்தெழுந்து அவருடைய தலைவர் பதவியைப் பறித்தது.

விறைத்துப்போனவனுக்குப் பாய் விரித்தது குற்றமாம். அதுவும் முருகன் சந்நிதியில்!

இன்று தேர். தேர் புறப்படுமுன் தலைவரின் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். கோயில் தொடங்கிய நாள் முதல் அது அப்பாவின் தலையில்தான் ஏறியது. இன்று அவர் கதவோரம், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்.

“அவன் பிறகு தகப்பனைப் போய்ப் பாத்தவனாமோ?” என்று தேனுஜா மெல்லக் கேட்டாள்.

“ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

மேளம் உயர்ந்தது. ஐயர் பட்டுத்துணியை விரித்துக்கொண்டு புதிய தலைவரைக் கூப்பிட்டார்.

சேயோன் முன்னால் போய்க் குனிந்தான்.

கட்டு நழுவியது. ஐயர் மறுபடி கட்டினார். மறுபடியும் நழுவியது. சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. முடிச்சை அவிழ்த்து, துணியை நெற்றியோடு சேர்த்து இழுத்து, நிதானமாகக் கட்டின.

“நிமிந்து நில், ராசா. இனி விழாது.”

சேயோனால் நிமிர முடியவில்லை.

அப்பா அவனுடைய காதருகே குனிந்தார்.

“குளிர் வருது. மண்டபத்தை மட்டும் பூட்டிப்போடாதை.”