குசினி இல்லாத அறை

"ஒரு கோப்பி ஒன்றரைப் பேரா?" என்று ஜீவராணி அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்தில் பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். துபாயில் ஒரு கோப்பி குடிக்க இரண்டாயிரம் ஆகும் என்று நான் வாயை விட்டுவிட்டேன். அதிலிருந்து என் மேசையில் ரூபாய்க்கு மதிப்பில்லை, எல்லாமே பேருக் கணக்குதான்.

ஹட்டனில் நான் பிளேன் டிக்கட் கடை போட்டு ஆறு வருடமாகிறது. தோட்டத்து ஆட்கள் என்னிடம் வருவது வேலை விசாவுக்கு. இல்லாவிட்டால் இந்தியாவுக்கு, கோயில் கும்பிட. துபாயைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்த முதல் ஜோடி இவர்கள்தான்.

சிவசாமி அண்ணன் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை பெக்டரியில் முப்பத்தைந்து வருடம் இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். அக்கா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். அண்ணனுக்கு ஈ.பி.எஃப் காசு வந்திருக்கிறது. அதில் நாலரை லட்சத்தைப் பெண்சாதியைத் துபாய்க்குக் கூட்டிப்போக என்று ஒதுக்கியிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. யாருடைய காசாக இருந்தாலும் வீணாகப் போனால் எனக்குப் பொறுக்காது, அது என் குணம்.

"அண்ணே, இந்தக் காசுக்கு இந்தியாவுல பத்துக் கோயில் பாக்கலாம்."

"கோயிலுக்குப் பொறகு போறோம் மொதலாளி. இத எழுதுங்க."

எழுதினேன். டிக்கட், விசா, நாலு இரவு ஹோட்டல். இதற்கே நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பிறகு வெட்டத் தொடங்கினோம். பெரிய கட்டடத்தின் உச்சிக்குப் போக ஆளுக்குப் பத்துப் பேரு என்றதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவுதானே, அடித்துவிடுங்கள் என்றார். பாலைவனத்து ஜீப் போனது. கப்பலில் சாப்பாடு போனது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் மாதிரி அக்கா சளைக்காமல் வெட்டிக்கொண்டே போனார்.

எனக்கும் எப்படியோ ஆசை பிடித்துவிட்டது. இவர்களை அனுப்பியே தீருவது என்று எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினேன்.

"குசினியோட ரூம் இருக்கு அக்கா. நம்ம ஆக்கள் எல்லாரும் அதத்தான் எடுக்கிற. சோறும் பருப்பும் நீங்களே ஆக்கிக்கலாம். ஐம்பதாயிரம் மிச்சம்."

"குசினி வேணாம்."

"முப்பத்தேழு பேரு அக்கா!"

"போகட்டும் தம்பி. காலையில எந்திரிச்சு நான் சும்மா ஒக்காந்திருக்கணும். சாப்பாடு என்கிட்ட வரணும்."

இதென்ன பிடிவாதம் என்று அண்ணனைப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் புருஷன்மார் எப்போதும் என் பக்கம்தான். இவரோ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே, அவள் சொல்கிறபடி போடுங்கள் என்றார்.

போட்டேன். கையில் மிச்சம் பத்தாயிரம்கூட இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விசா படிவத்தை எடுத்தேன். முதல் தடவையா போகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார் அக்கா. அண்ணன் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டோ கொப்பி எடுக்கப் பாஸ்போட்டை வாங்கினேன். பொலித்தீன் பைக்குள் அக்காவின் பெயரில் இரண்டு இருந்தன. பழையதைப் புரட்டினேன். துபாய் விசா. பிறகு அதைப் புதுப்பித்தது. பிறகு மறுபடியும் புதுப்பித்தது. ஏழு வருடம், வீட்டு வேலைக்கு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னக்கா இது? பொய் எழுதினா விசாவே கிடைக்காது. ஏழு வருஷம் இருந்திருக்கீங்களே!"

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"அந்த வீட்டத்தான் பாத்தேன் தம்பி. ஊர இனிமேத்தான் பாக்கணும்."

"புள்ளைங்க ரெண்டும் அவ காசுலதான் படிச்சுச்சுங்க," என்றார் அண்ணன், காலண்டரைப் பார்த்தபடியே.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நேரமும் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. குனிந்து, முன்பு போனதுண்டா என்ற இடத்தில் போட்டிருந்த 'இல்லை'யை வெட்டி 'ஆம்' என்று எழுதினேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, துபாயில் எந்த இடம் என்று கேட்டேன். அக்கா தெருவின் பெயரைச் சரியாகச் சொன்னார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்கா கணக்குத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"கடலுக்குப் போற பஸ் காச எழுதலயே தம்பி. அந்தப் பக்கம் கடலே கெடையாது, அது ரொம்ப தூரம்னு வீட்டு மேடம் சொல்லுவாங்க. கொஞ்சம் கூடவே போட்டுக்கங்க."

"தூரம்தான் அக்கா," என்றேன். பஸ் காசு என்று எழுதி, பக்கத்தில் மூவாயிரம் போட்டேன்.

கடை போடுவதற்கு முன் நானும் துபாயில் இருந்தவன். அக்கா சொன்ன தெருவில் மூன்று வருடம் வீடு வீடாகத் தண்ணீர்ப் போத்தல் இறக்கியிருக்கிறேன். தெருமுனையில் ரோட்டைக் கடந்தால் கடல்.