இடது முன்னங்கால்

காட்டுக்குள் ஜீப் தண்ணீர்த் தொட்டியை நெருங்கியது.

"நிறுத்தாம போடா" என்று கைடு டிரைவரின் தொடையைக் கிள்ளினான்.

டிரைவர் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தான். இரண்டு வருடமாக இதே இடத்தில் சொல்லிவரும் வசனத்தையும் சொல்லித் தொலைத்தான்.

"அண்ணே, மண்ணுல ஏதோ தெரியுது பாருங்க!"

காட்டைச் சுற்றிக்காட்டுவது கண்ணில் காட்டாத சரக்கை விற்கிற தொழில். டிக்கெட்டை வாசலிலேயே கிழித்துவிடுவார்கள்; சரக்கு வந்தால் வரும், இல்லாவிட்டால் புதருக்குள் படுத்துத் தூங்கும். மூன்று மணி நேரம் குலுங்கியும் புலி வராவிட்டால் ஜனங்களுக்கு மூஞ்சி தொங்கிவிடும்.

"மானைப் பார்க்கவாய்யா விடியறதுக்குள்ள எழுப்பிவிட்டீங்க?" என்று பின்சீட்டுப் பெரியவர் அன்றும் கேட்டிருந்தார்.

அந்த வாயை அடைக்கத்தான் கைடு தன் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், அதை வைத்திருந்தான்.

சிமெண்டில் வார்த்த புலிக்கால்.

முதல் வண்டி கிளம்புவதற்கு முன்பே சைக்கிளில் வந்து, தொட்டியோரத்து ஈர மண்ணில் ஒரே அழுத்து. புலி உலவுகிற இடத்தில் இப்படித் தனியாகப் போகிறீர்களே என்று மனைவி கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

மற்ற மூன்று கால் எங்கே என்று எந்த வாடிக்கையாளரும் இதுவரை கேட்டதில்லை. தடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்கு மட்டும் ஒரு கோளாறு. ஆராய்ச்சிக்காரம்மாவின் வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. கேட்டைத் தாண்டும் நேரத்தில் கையைக் காட்டி நிறுத்தி, இந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

இப்போது எல்லோருக்கும் முந்திக் குதித்தவரும் அவர்தான்.

மண்டியிட்டார். டேப்பை எடுத்து அளந்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார்.

தடத்தில் மூன்றாவது விரல் உள்பக்கமாகக் கோணியிருந்தது.

"அவதான்" என்றார். "உயிரோட இருக்கா!"

அந்தக் கோணல் விரல்காரியைத் தேடித்தான் இரண்டு வருடமாக மரத்துக்கு மரம் கேமரா கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட அவள் படத்தில் விழவில்லை. 'இறந்துவிட்டது' என்று எழுதிக் கோப்பை மூடச் சொல்லி மேலிடம் நெருக்கியது. இந்த மாதக் கடைசி வரை பொறுங்கள் என்று கெஞ்சி வைத்திருந்தார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கைடுக்கும் தெரியும். கோணல் விரல் என்பது ஒரு மேல்விலாசம் என்றுதான் தெரியாமல் போயிற்று. இத்தனை நாளும் அவன் விற்றதெல்லாம் விரலைப் பார்க்காதவர்களிடம்.

அவர் எழுந்து வந்து, மண் ஒட்டிய இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் இந்த வழியா வர்றீங்களேண்ணே, உங்க கண்ணுல பட்டிருக்குமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கோபித்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே சிரித்தார்.

ஜீப்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பின்சீட்டுப் பெரியவர், "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது கைடுக்கு.

ஆராய்ச்சிக்காரம்மா அவன் கையை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தபடி நடந்தார். ஒரு புலி எட்டு வைக்கும் தூரம் நடந்து குனிந்தார். இன்னொரு எட்டு. மறுபடி குனிந்தார். திரும்பி வந்து இந்தப் பக்கமும் பார்த்தார்.

"அடுத்த காலடி எங்கண்ணே?"

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரலில் துளி சந்தேகம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மான் மிதித்துவிட்டது, சருகு மூடிவிட்டது, பாறை மேல் தாவிவிட்டது: இப்படி எத்தனையோ பதில்களை நாக்கு நுனியில் வைத்திருந்தவன். பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான். தோளில் அது கனத்தது.

அடுத்த காலடி அவனிடம் கிடையாது. இருந்தது ஒன்றுதான்.

காட்டுப்பன்றிக்கு என்று மச்சான் வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி அவள் செத்துக் கிடந்த அன்று, வெளியே தெரிந்தால் மச்சான் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று இருவருமாக அவசர அவசரமாகத் தோண்டிய குழி அவளுக்குப் போதவில்லை.

இடது முன்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதை மடக்கி உள்ளே தள்ளுவதற்கு முன்னால், பக்கத்தில் கிடந்த ஈரக் களிமண்ணில் ஒரு தடவை அழுத்தி எடுத்துக்கொண்டான்.