மூன்றடி பின்னால்

எஸ்டேட் ஹாலில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே, முதல் நாற்காலியில் மாடில்டா உட்கார்ந்திருந்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளைச் சேலை.

ஞாயிறு மத்தியானம் பழைய அமெரிக்கப் படம் வருகிறது என்று பேப்பரில் பார்த்துச் சொன்னவர் எர்னஸ்ட் வாத்தியார். படத்தின் பேரை மாடில்டா இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிரெஞ்சுத் துரையம்மா வாய் ஓயாமல் சொன்ன பேர்.

துரையம்மாவின் பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவள் மாடில்டா. தோட்டத்துத் துரையைக் கட்டிக்கொண்டு இங்கே வருமுன் ஹாலிவுட் படங்களில் தான்தான் ராணி என்பாள் துரையம்மா. மாடில்டா அதைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வந்து சொல்வாள்.

ராணிக்கு ரப்பர் காட்டில் என்ன வேலை என்று லயம் சிரிக்கும். துரையம்மா செத்துப் பதினைந்து வருஷமாகியும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

இன்றைக்கு ஓயும். அதற்காகத்தான் வீடு வீடாகப் போய் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள்.

படம் ஓடியது. நகையும் நெடுங்கவுனுமாக வந்த ஒவ்வொருத்தியையும் காட்டி, இவளா, இவளா என்று கேட்டார்கள். மாடில்டா இல்லையென்று தலையாட்டினாள்.

நடுவில் ஒரு வேலைக்காரி டீத்தட்டோடு வந்தாள். வெள்ளைத் தொப்பி. குனிந்த தலை. தட்டை வைத்துவிட்டு, எஜமானிக்கு முதுகு காட்டாமல் மூன்றடி பின்னால் நடந்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

ஹால் கொல்லென்று சிரித்தது.

“பெரியம்மா, அச்சு உங்கள மாதிரியே நடக்குறா லா,” என்றாள் வாத்தியார் மனைவி டொரீன். “நீங்களும் காப்பி குடுத்துட்டு இப்படித்தானே பின்னாடி போவீங்க?”

மாடில்டா சிரிக்கவில்லை. அந்த வேலைக்காரி மறுபடி வருவாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை.

படம் முடிந்தது. உன் ராணி எங்கே என்றார்கள்.

“இதுல அவங்க இல்ல. நாந்தான் பேர மாத்திச் சொல்லிட்டேன்.”

மறுபடி சிரிப்பு. யாரோ பெட்டியை அணைத்தார்கள். மாடில்டா எழுந்தாள். இருண்ட கண்ணாடிக்கு முதுகு காட்டாமல் மூன்றடி பின்னால் நடந்து, அப்புறம் திரும்பினாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வெறும் தட்டை ஏந்தி, துரையம்மாவே நடந்து காட்டிய நடை அது. அப்போது துரையம்மாவின் தலையும் அப்படித்தான் குனிந்திருந்தது.