அவள் வேகம்

“என்னங்க, நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது.”

அவர் நின்றார். நிற்காமல் முடியாது. ஓடிப் பழக வருகிறவர்களுக்கு அந்தப் பூங்காக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் ஓட வேண்டும். ஜோடியில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் இருவருக்கும். அவருடைய தலையெழுத்து, ஜோடியாக வாய்த்தது சொந்த மனைவி.

அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தாள். அவருக்கு நெற்றிகூட நனையவில்லை. நேற்றுச் சேர்ந்த பல் டாக்டரும் அவர் மச்சானும் சினிமாக் கதை பேசிக்கொண்டே இவர்களைத் தாண்டிப் போனார்கள்.

“நீ வீட்லயே இருந்திருக்கலாம்.”

“நீங்க மட்டும் ஒல்லியாகணுமாக்கும்” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அதாவது, மெக்கானிக்காக இருந்தவர். கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டில் கம்பிவடத்தைத் தொட்டே கோளாறு சொல்லிவிடுவார். போன வருஷம் ஒரு அடுக்குமாடியில் படியேறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வெயில் மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னதாக மனைவி சொன்னாள். ஆனால் கம்பெனியில் அதையே சாக்காக வைத்து அவரைப் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம், “ஆள் கிளம்பிட்டாங்க மேடம்” என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டவர்கள் அவருடைய கருவிப் பையையே தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

மேனேஜரிடம் பலமுறை கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மேனேஜர், கம்பெனி நடத்துகிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துக் காட்டினால் மறுநாளே பழைய வேலை என்றார். கேலியாகத்தான் சொன்னார். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

குழுவில் முதலில் கொஞ்சம் ஓட்டம், நிறைய நடை. வாரம் ஏற ஏற மற்ற ஜோடிகளுக்கு ஓட்டம் கூடி நடை குறைந்தது. இவர்கள் பாடு மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. மேடு வந்தால் அவளுக்கு ஷூ கயிறு அவிழும். அவர் வேகம் பிடித்தால் விலாவில் குத்தும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். பதில் வாங்காமல் விடமாட்டாள். குழுவில் அவளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். வைத்தவர் புருஷன்தான். அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஓட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூங்காவை ஒட்டிய ஏரியை முழுதாகச் சுற்றி ஓடிப் பார்க்கலாம் என்றார் குழுவை நடத்துகிற பி.டி. மாஸ்டர். இவர் நேரே அவரிடம் போய், தன்னை வேறு யாருடனாவது சேர்த்துவிடச் சொன்னார். மாஸ்டர் தர்மசங்கடத்தோடு அவளைப் பார்த்தார். கடைசிவரை அவரோடு நானே ஓடுகிறேன் சார், மாற்றாதீர்கள் என்று அவள் கையைக் கூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

அவருக்குப் பொறுமை போயிற்று.

“சாகுற வரைக்கும் நான் அந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கணும், அதானே உனக்கு? நீ என்கூட ஓட வரல. என்னைப் பிடிச்சு வைக்க வந்திருக்க.”

எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“மெதுவாப் போங்க” என்றாள். அவ்வளவுதான்.

அவர் ஓடினார். இத்தனை மாதங்களில் முதல் முறையாகக் கால்கள் கேட்ட வேகத்தைக் கொடுத்தார். பல் டாக்டரைத் தாண்டினார். அவருக்கு முன்னால் போன ஜோடியையும் தாண்டினார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவள் கரையோரம் தனியாக வந்துகொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி மேட்டில் ஏறினார்.

பாதி மேட்டில் இடது தோள் கனத்தது. தாடை இழுத்துப் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்தே உடம்பு கெட்டுவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார். உச்சியில் கால் மடங்கி விழுந்தார்.

அவர் விழுவதைத் தூரத்திலிருந்து பார்த்த மாஸ்டர் ஓட்டமாக ஓடினார். ஒரு காலத்தில் மெடல் வாங்கிய கால்கள். அவர் மேட்டைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து யாரோ அவரை உரசிக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

மாஸ்டர் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தாள். நாக்குக்கு அடியில் அவள் வைத்த மாத்திரை, கரையாமல் கடைவாயோரம் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை மறுபடியும் உள்ளே தள்ளினாள்.

மாஸ்டருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவே இல்லை.

“நீங்களாம்மா… இவ்வளவு வேகமா…”

“இவருக்கு நெஞ்சுல அடைப்பு சார். தெரிஞ்சா பயத்துலயே போயிடுவாருன்னு அவர்கிட்ட மறைச்சுட்டேன். பேசிக்கிட்டே ஓடுற வேகத்தைத் தாண்டாமப் பார்த்துக்கச் சொன்னார் டாக்டர்” என்றாள், மூடிக் கிடந்த கண்களைப் பார்த்தபடி. “இன்னிக்கு ஒருநாள்தான் சார், அவர் வேகத்துக்கு விட்டேன்.”