கோடு சேரும் நாள்

இன்றும் கோடுகள் சேரவில்லை.

கறுப்புக் கோடு, கீழ்த்தளச் சோதனை அறையில் நிஜ எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் அளந்த அழுத்தம். சிவப்புக் கோடு, இல்வாவின் கணினி போட்ட கணக்கு. உச்சிக்குப் போகும் இடத்தில் சிவப்பு ஒரு நகக்கண் அளவு முந்திக்கொண்டு நின்றது.

தீ பரவும் வேகத்துக்கென்று கணக்கில் ஒரு எண் உண்டு. கூட்டினால் சிவப்பு முந்தும், குறைத்தால் பிந்தும். கூட்டிக் குறைத்து, குறைத்துக் கூட்டி, கோதென்பர்க்கில் ஒரு கோடைகாலமே போய்விட்டது. இங்கே கோடை வருவதே பெரிய விஷயம்.

மேலாளர் யோன்னா பின்னால் வந்து நின்றாள். புத்தாண்டுக்குப் பிறகு சேர்ந்தவள்.

"இன்னும் சேரலையா?"

"கிட்ட வந்துடுச்சு."

"கோடை முழுக்க கிட்டயேதான் வந்துட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. அவளை நெருக்கவும் மேலே ஆள் இருக்கிறது.

கோடுகள் சேர்ந்துவிட்டால் கணினியை நம்பலாம், நிஜ எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம். சோதனை அறையை மூடிவிடுவார்கள். ஏப்ரலில், எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்திருந்தபோது யோன்னாவே சொன்னதுதான் இது. அந்த அறையை நடத்தும் ஸ்டெல்லானும் அங்கேதான் இருந்தார். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

கோட்டைச் சேர்ப்பவர் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும் என்பது இந்தத் தளத்தின் வழக்கம். தினமும் மூன்று மணிக்கு ஸ்டெல்லான் மேலே வந்து, "என் கேக் எங்க?" என்று சீண்டுவார். கோடு சேரவில்லை என்று தெரிந்தே கேட்பார்.

இன்று அப்படிக் கேட்கவில்லை. காதுக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, காபிக் கோப்பையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோன்னா மூடுறதப் பத்திச் சொன்ன அன்னிக்கு நீ ஒரு கேக் வாங்கிட்டு வந்திருந்தியே, மேல பச்சையா பாதாம் மார்சிபான் பூசினது. எதுக்கு?"

"என் பிறந்தநாளுக்கு. அன்னிக்கே சொன்னேனே."

இங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் வாங்கி வர வேண்டும்.

ஸ்டெல்லான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உன் பிறந்தநாள் டிசம்பர்ல, லூசியா பண்டிகை அன்னிக்கு. வருஷா வருஷம் நானும் தின்னுட்டுத்தான் இருக்கேன்."

 இல்வாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னிக்கே புரிஞ்சிடுச்சு. வேலை போயிடுமேன்னு வாயைத் தொறக்கல, நானும் மனுஷன்தான். ஆனா எனக்காக நீ தினமும் திட்டு வாங்குறத இனிமே பாக்க முடியாது, இல்வா. நாளைக்கு அதே கேக்க வாங்கிட்டு வா. பெருசா வாங்கு."

அவர் கீழே இறங்கிப் போகும் சத்தம் அடங்கியது. பிறகு அவள் கணக்கில் அந்தச் சரியான எண்ணைத் தட்டினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. ஏப்ரலிலிருந்தே அது மனப்பாடம்.