உத்திரத்துக்கு இரண்டு உலக்கை

விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவிலிருந்த மண்சுவர் படுத்துவிட்டது.

ஜெர்மன் சண்டை முடிந்த பத்தாம் வருஷத்து ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. மேலூர்ப் பக்கம் விழாத சுவர் குறைவுதான். அதற்காக நம் வீட்டுச் சுவர் விழுவது கௌரவமாகிவிடாது.

மேலே உத்திரம் கிறீச்சென்று முனகியது.

இரண்டு வீட்டுக் கூரையையும் சுமக்கிற ஒரே வேங்கை உத்திரம். அது இறங்கினால் ஓடு, நெல், மானம் எல்லாம் சேர்ந்து இறங்கும்.

மூலையில் கிடந்த உலக்கையை எடுத்து நிமிர்த்தினேன். மேல்முனையை உத்திரத்துக்குக் கொடுத்து, கீழ்முனையைத் தோளில் தாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் பார்த்தால், அண்ணன் அழகுமலையும் ஓர் உலக்கையோடு நிற்கிறார்.

பத்து வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை இவ்வளவு அருகில் பார்க்கிறேன். முன்பல் இரண்டைக் காணோம்.

பேச்சு நின்றுபோனது என் குற்றமல்ல. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் மூத்த மகனுக்குத் தலைப்பாகையாக உருமால் கட்ட வந்தார். கண் மங்கிய மனிதர். மூத்தவன் தலை என்று நினைத்து என் தலையில் கட்டிவிட்டார். கழற்றிக் கொடு என்றார் அண்ணன். சபையில் தலைக்கு ஏறிய உருமாலை இறக்குவது எந்த ஊர் முறை? நான் கொடுக்கவில்லை.

முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன் என்று அன்று இருவருமே முடிவு செய்தோம். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

என் மனைவி ரெங்கம்மாள் கொத்தனார் சுருளிக்கு ஆள் அனுப்பினாள். முட்டுக் கொடுக்கப் பனங்கட்டையோடு உடனே வரவேண்டும் என்று. அவன் பக்கத்து ஊரில் இன்னொரு வீட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். உச்சிப்பொழுதாகும் என்று பதில் வந்தது.

சரி, அதுவரை தாங்குவோம் என்று நின்றோம்.

பெண்களும் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ரெங்கம்மாளும் அண்ணி ராமக்காளும் சரிந்த மண்மேட்டின் மேலாகவே போய்வந்து, நெல் மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். நனைந்த சுவர்களுக்கு ஓலைப்பாய் போர்த்தினார்கள். மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, கூடத்துத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார்கள். எல்லாம் சில்லறை வேலைகள்தான். பாரம் எங்கள் தோளில் அல்லவா இருந்தது.

"ஏத்தா ரெங்கம்மா, ரெண்டுல ஒம் புருசன் ஒலக்கைதான் ரொம்ப ஆடுது" என்றபடி அண்ணி என்னைத் தாண்டிப் போனார். ரெங்கம்மாள் சிரித்தாள். இவர்களுக்குள் ஒருநாளும் பேச்சு நின்றதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அண்ணி ஒரே செம்பிலிருந்து எங்கள் இருவர் வாயிலும் மாறி மாறிக் கூழ் ஊற்றினார். அண்ணி தாய்க்குச் சமம். அவர் கையால் குடிப்பது தோல்வியில் சேராது என்று தீர்மானித்துக்கொண்டு குடித்தேன்.

கை மாற்றிவிட வந்த அக்கம்பக்கத்தாரைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் வீட்டைத் தாங்க வெளியாளா? அவர்கள் போகாமல் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வெயில் இல்லாத அந்தப் பகலிலும் எனக்கு வேர்த்தது. ஒரு கோழி மண்மேட்டில் ஏறி நின்றது.

"ஏ கோழி" என்றார் அண்ணன். "உருமா கட்டுன தலைக்குத் தோளு இம்புட்டு நடுங்குமாக்கும்?"

கோழியிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஆனால் கோழியிடம் யாரும் பேசலாம்.

"கோழி, அந்தப் பக்கம் போயிராத. மூத்தவுக மூச்சு வாங்குற காத்துல பறந்துருவ."

கோழி ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் என்னையும் பார்த்துவிட்டு, நடுவிலேயே உட்கார்ந்துகொண்டது.

உச்சியில் சுருளி வந்தான். எங்களைப் பார்த்தான். உத்திரத்தைப் பார்த்தான். மறுபடியும் எங்களைப் பார்த்தான். பிறகு நெருங்கி வந்து, வாசலுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"அய்யா, இந்தச் சுவரு நீங்க பாகம் பிரிச்சப்ப நான் வச்சது. உத்திரத்தத் தொடக்கூட இல்ல, நாலு வெரல்கட கீழயே நிறுத்திட்டேன். ஒங்கய்யா காலத்துல இது ஒரே கூடமாத்தான கெடந்துச்சு? மழைக்கு மரம் மொனகத்தான் செய்யும். ஒலக்கைய எறக்குங்க."

எனக்குத் தெரியாதா? அந்த உத்திரத்தை ஏற்றிய அன்று கயிறு இழுத்தவர்களில் நானும் ஒருவன். பொழுது ஏறியும் தோளில் பாரமே விழவில்லை என்றபோது உறுதியாகவும் தெரிந்துவிட்டது. ஆனால், மூத்தவர் இறக்காமல் இளையவன் எப்படி இறக்குவது?

அண்ணனைப் பார்த்தேன். அன்று கயிற்றின் முன்தலையில் நின்று இழுத்தவர் அவர்.

வாசலில் பாதித் தெரு நின்றது. வெறும் உத்திரத்தை அரைநாள் தாங்கிய வீடு என்று பெயர் விழுந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது.

"முட்டுக் குடுடா!" என்றோம் இருவரும், ஒரே மூச்சில்.

சுருளி நல்ல வேலைக்காரன். முகத்தில் எதையும் காட்டவில்லை. எதுவும் தேவைப்படாத உத்திரத்துக்குக் கீழே, சுவர் இருந்த நட்டநடுவில், கொண்டுவந்த இரண்டு பனங்கட்டைகளையும் ஊன்றி ஆப்பு அடித்து இறுக்கினான். அதற்கப்புறம்தான் உலக்கைகளை இறக்கினோம், தெரு பார்க்க, நிமிர்ந்து நின்று.

"மழை விட்டதும் சுவர எங்க வைக்க, அய்யா?" என்று கேட்டான்.

"முட்டு நிக்கிற எடத்துல எப்புடிடா சுவரு வைப்ப?" என்றார் அண்ணன்.

கேட்டது சுருளியை. பார்த்தது என்னை.

"அதானே" என்றேன்.

நானும் சுருளியிடம்தான் சொன்னேன்.